கோழி நோன்பு இருப்பதில்லை: ஈஸ்டர் பலகாரங்களுக்குப் பின்னால் உள்ள கணக்கு

ஈஸ்டர் நெருங்கும்போது சாயமேற்றிய முட்டை, சாக்லேட் முயல், சிலுவை போட்ட பன் எல்லாம் படம் படமாகக் கைப்பேசியில் வந்து விழும். கூடவே விளக்கங்களும் வரும். "ஈஸ்டர் என்பதே இஷ்தார் என்ற பாபிலோனியத் தெய்வத்தின் பெயர்தான், முட்டையும் முயலும் அந்தத் தெய்வத்தின் வளமைச் சின்னங்கள்" என்று ஒன்று. "தேதியை வருஷா வருஷம் இஷ்டத்துக்கு மாற்றுகிறார்கள்" என்று இன்னொன்று. இரண்டுமே தவறு. ஆனால் சரியான விளக்கத்தை எளிமையாகச் சொல்பவர்கள் குறைவு என்பதால் தவறானதே நிற்கிறது.

ஈஸ்டர் மேசையில் இருக்கும் பெரும்பாலான உணவுகளுக்குக் காரணம் அதற்கு முந்தைய ஆறேழு வார நோன்பில் இருக்கிறது. அந்த நாட்களில் எதைத் தொடக் கூடாதோ, அதுவே விருந்தன்று முதலில் வருகிறது. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் முட்டை, வெண்ணெய் ரொட்டி, பாலாடைக் கட்டி, ஆட்டிறைச்சி எல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

## பெயர் எங்கிருந்து வந்தது

இயேசு சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் நாள் ஈஸ்டர். அவர் இறந்தது யூதர்களின் பாஸ்கா பண்டிகைக் காலத்தில். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் விடுதலையானதை நினைக்கும் பண்டிகை அது. எபிரேயத்தில் அதன் பெயர் பெசாக். கிரேக்கர், ரஷ்யர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், எத்தியோப்பியர் என்று பெரும்பாலானவர்கள் இந்த விழாவைக் குறிக்கச் சொல்வது அந்தச் சொல்லிலிருந்து வந்த வடிவங்களைத்தான்: பாஸ்கா, பாஸ்க்வா, பாக், ஃபாசிகா. தமிழ்த் திருச்சபைகளிலும் பாஸ்கா என்ற சொல் புழங்குகிறது.

ஆங்கிலமும் ஜெர்மனும் வேறு வழி போயின. ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு ஆங்கிலேயர் முன்பு வைத்திருந்த பெயர் எயோஸ்த்ரே என்ற தெய்வத்திலிருந்து வந்தது என்று பீட் என்ற துறவி 725 வாக்கில் எழுதினார். அந்தத் தெய்வத்தைப் பற்றி நம்மிடம் இருக்கும் பழைய எழுத்துச் சான்று அது ஒன்றுதான். அதில் முட்டையும் இல்லை, முயலும் இல்லை. இஷ்தார் மெசொப்பொத்தேமியத் தெய்வம். ஒலி கொஞ்சம் ஒத்துப்போவதைத் தவிர எந்தத் தொடர்பும் கிடையாது. கிரேக்கம் பேசிய ஊர்களில் இந்த விழாவின் நாளைப் பற்றி 2ஆம் நூற்றாண்டிலேயே கடும் விவாதம் நடந்திருக்கிறது. ஈஸ்டர் என்ற ஆங்கிலச் சொல் அதற்கு வெகு பின்னால் வந்தது. பின்னால் வந்த பெயரை வைத்து முன்னால் இருந்த விழாவை விளக்க முடியாது.

## தேதி ஏன் நகர்கிறது

"சம்பளம் வந்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்கப் போகலாம்" என்று ஒரு வீட்டில் முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் அது 2ஆம் தேதி வரும். இன்னொரு மாதம் 7ஆம் தேதி வரும். தேதிதான் மாறுகிறதே தவிர, விதி மாறுவதில்லை.

ஈஸ்டர் விதியும் இப்படித்தான். அதற்கு மூன்று படிகள். முதலில் சம இரவு நாள், அதாவது பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கும் வசந்தகால நாள். இதைத் திருச்சபை மார்ச் 21 என்று நிலையாக வைத்துக்கொண்டது. அடுத்து, அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி. கடைசியாக, அந்தப் பௌர்ணமிக்குப் பிறகு வரும் முதல் ஞாயிறு. அந்த ஞாயிறே ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிற்றுக்கிழமை விழுந்துவிட்டால் அடுத்த ஞாயிறு. 2025இல் அப்படித்தான் ஆனது: பௌர்ணமி ஏப்ரல் 13 ஞாயிறு, ஈஸ்டர் ஏப்ரல் 20. 2026இல் பௌர்ணமி ஏப்ரல் 2 வியாழன், ஈஸ்டர் ஏப்ரல் 5. இந்த விதிப்படி ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னால் போகாது.

இங்கே பலர் இடறும் ஒரு இடம் உண்டு. திருச்சபை வானத்தைப் பார்த்துப் பௌர்ணமியைக் குறிப்பதில்லை. 19 ஆண்டுக்கு ஒருமுறை நிலவின் கலைகள் ஏறத்தாழ அதே தேதிகளுக்குத் திரும்புவதை வைத்துப் போட்ட அட்டவணையைப் பார்க்கிறது. அட்டவணைப் பௌர்ணமியும் வானத்துப் பௌர்ணமியும் சில வருடம் ஒரு நாள் விலகும். 2019இல் மார்ச் 21 அன்று வானில் முழுநிலவு இருந்தது. அட்டவணையிலோ அது மார்ச் 20, சம இரவு நாளுக்கு முந்தையது. அதனால் அடுத்த பௌர்ணமி வரை காத்திருந்து ஏப்ரல் 21 அன்று ஈஸ்டர் வந்தது. "கணக்குத் தப்பு" என்று அப்போது பேசிக்கொண்டார்கள். உண்மையில் கணக்கு விதிப்படி சரியாகவே நடந்தது.

கிரேக்க, ரஷ்ய, எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கும் இதே விதிதான், ஆனால் அவர்கள் கணக்கிடுவது பழைய நாட்காட்டியில். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தியதற்கு முன் இருந்த ஜூலியன் முறை இப்போது 13 நாள் பின்தங்கி நிற்கிறது. அந்த முறையின் மார்ச் 21 நம் ஏப்ரல் 3. அதனால் அவர்களுடைய ஈஸ்டர் சில வருடம் நம்மோடு சேர்ந்து வரும், சில வருடம் ஒரு வாரமோ நான்கைந்து வாரமோ தள்ளி வரும். 2025இல் ஒரே நாள். 2026இல் ஒரு வாரம் தள்ளி, ஏப்ரல் 12. 2027இல் மார்ச் 28க்கும் மே 2க்கும் இடையே ஐந்து வார இடைவெளி.

இதுவரை பார்த்தது: பெரும்பாலான மொழிகளில் பெயர் பெசாக் வழியாக வந்தது, தேதி சூரியன், நிலவு, ஞாயிறு என்ற மூன்று படிகளில் கிடைக்கிறது. இந்த மூன்றும் வசந்தத் தொடக்கத்தில் சந்திப்பதால், சமையலறைக்கு முக்கியமான ஒரு விளைவு உண்டு. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் கோழி மும்முரமாக முட்டையிடத் தொடங்கி, ஆடு குட்டி போட்டுப் பால் பெருகும் பருவம் அது.

## நோன்புதான் இயந்திரம்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களைத் தவக்காலம் என்பார்கள். லெந்து நாட்கள் என்றும் சொல்வதுண்டு. மேற்கத்திய முறையில் அது சாம்பல் புதன் அன்று தொடங்கும். அன்றிலிருந்து ஈஸ்டருக்கு 46 நாள். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு ஒவ்வொன்றும் உயிர்ப்பை நினைக்கும் நாள் என்பதால் அதை நோன்புக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்று பல கத்தோலிக்க வீடுகளில் நோன்பு என்றால் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை என்பதோடு முடிந்துவிடுகிறது. பழைய நோன்பு அப்படி இல்லை. இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக் கட்டி எல்லாவற்றுக்கும் விலக்கு இருந்தது. மிருகத்திலிருந்து வருவது எதுவும் கூடாது என்பது அதன் தர்க்கம். 692இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கம் முட்டையையும் பாலாடைக் கட்டியையும் பெயர் சொல்லியே விலக்கியது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இந்த ஒழுங்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. பெரும்பாலான நாட்களில் மீன்கூடக் கூடாது. ஆனால் நண்டு, இறால், கணவாய், ஆக்டோபஸ் போன்றவற்றுக்கு அனுமதி உண்டு. கிரேக்கத் தவக்காலச் சமையலில் ஆக்டோபஸ் அடிக்கடி வருவது அதனால்தான்.

நோன்பு தொடங்குமுன் வீட்டில் இருக்கும் முட்டையையும் வெண்ணெயையும் தீர்த்தாக வேண்டும். அதற்குப் பிறந்தவைதான் இங்கிலாந்தில் சாம்பல் புதனுக்கு முதல் நாள் சுடும் பான்கேக், போலந்தில் பன்றிக் கொழுப்பில் பொரிக்கும் பாஞ்ச்கி என்ற இனிப்பு உருண்டை, ரஷ்யாவில் ஒரு வாரம் முழுக்கச் சுடும் ப்ளினி என்ற மெல்லிய அப்பம். கார்னிவல் என்ற சொல்லே "இறைச்சியை அகற்றுதல்" என்ற பழைய லத்தீன் தொடரிலிருந்து வந்தது.

## முட்டை ஏன்?

பால் வேண்டாம் என்று நாம் நிறுத்தலாம். மாட்டைக் கறக்காமல் விட முடியாது. கறந்த பாலைத் தயிராக்கலாம், கட்டியாக்கலாம், பல மாதம் வைக்கலாம். கோழி விஷயம் இன்னும் நெருக்கடியானது. கோழி முட்டையிடுவதைப் பகல் வெளிச்சத்தின் நீளம் தீர்மானிக்கிறது. குளிர்காலத்தில் பகல் சுருங்கும்போது பழைய நாட்டுக் கோழிகள் முட்டையிடுவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். பிப்ரவரி, மார்ச்சில் பகல் நீளும்போது மறுபடி தொடங்கும். சரியாக அப்போதுதான் தவக்காலமும் தொடங்குகிறது.

ஒரு வீட்டில் 5 கோழி, கோழிக்கு வாரம் 4 முட்டை என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரத்தில் 120 முட்டை. ஒன்றைக்கூடத் தின்ன முடியாது. சிலது அடைக்குப் போகும், சிலது விற்கப்படும், மிச்சம் குவியும். கழுவாத முட்டையின் ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு உண்டு. அது நுண்துளைகளை அடைத்து வைத்திருப்பதால் குளிர்ந்த இடத்தில் வாரக்கணக்கில் கெடாது. கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் அவித்து, சாயமேற்றி, ஞாயிறு காலை பங்கிட்டார்கள். 1290இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் வீட்டுக் கணக்கில் ஈஸ்டருக்காக 450 முட்டை வாங்கி நிறமிட்டதற்கும் தங்கத்தாள் ஒட்டியதற்கும் செலவு எழுதப்பட்டிருக்கிறது.

முட்டைக்குச் சமயப் பொருளும் உண்டு: மூடிய ஓடு கல்லறை, உடைத்து வெளிவருவது உயிர்ப்பு, சிவப்பு நிறம் கிறிஸ்துவின் இரத்தம். இது வெறும் ஒட்டுவேலை என்று நான் நினைக்கவில்லை. ஆறு வாரம் தொடாமல் காத்திருந்த ஒரு பொருளுக்கு ஒரு சமூகம் அர்த்தம் கண்டுகொள்வது இயல்பானது. முட்டைக்கு நிறமிடுவது கிறிஸ்தவர்களின் தனிச் சொத்தும் அல்ல. ஈரானியப் புத்தாண்டான நவ்ரூஸிலும் நிறமிட்ட முட்டை உண்டு. ஆனால் ஈஸ்டர் அன்று இத்தனை முட்டை ஏன் குவிந்தது என்பதற்கு நோன்பைவிட நேரான விடை வேறில்லை.

சுருக்கமாக: நோன்பு முட்டையைத் தடுத்தது, வசந்தம் முட்டையைக் கொட்டியது. இரண்டுக்கும் நடுவில் சேர்ந்த குவியல்தான் ஈஸ்டர் முட்டை.

## வெங்காயச் சருகில் சாயம்

கடைச் சாயம் வருமுன் ஐரோப்பா முழுக்கப் பரவலாக இருந்த முறை இது. இன்றும் கிரேக்க, பால்கன், பால்டிக் வீடுகளில் நடக்கிறது. கிரேக்கர்கள் இதைச் செய்வது பெரிய வியாழன் அன்று, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய வியாழன்.

10 முட்டைக்கு 12 பெரிய வெங்காயத்தின் காய்ந்த வெளிச்சருகு வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் மெதுவாகக் கொதிக்க விட்டு, வடிகட்டி, முழுக்க ஆற விடுங்கள். 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேருங்கள். அறை வெப்பத்தில் இருக்கும் முட்டைகளை ஒரே அடுக்காக இறக்கி, மெதுவாகக் கொதி நிலைக்குக் கொண்டுவந்து 10 முதல் 12 நிமிடம் வைத்து இறக்குங்கள். வெள்ளை முட்டையில் முதலில் ஆரஞ்சு தெரியும். ஆறியதும் சாயத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் இன்னும் சில மணி நேரம் கிடந்தால் ஆழ்ந்த செங்கல் சிவப்பு வரும். வெளியே எடுத்து, தொடாமல் காய விட்டு, துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும்.

முட்டையின் மேல் ஒரு கொத்தமல்லி இலையை ஈரத்தோடு ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டில் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் போட்டால் இலை இருந்த இடம் வெளிறி நிற்கும். இலையை நன்றாகத் தட்டையாக்க வேண்டும். ஓரம் தூக்கியிருந்தால் சாயம் உள்ளே ஊறி வடிவம் கலங்கிவிடும்.

தவறுகள் பெரும்பாலும் நான்கு இடத்தில் நடக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை நேராகச் சுடுநீரில் போட்டால், மழுங்கிய முனையில் இருக்கும் காற்றுப் பை சட்டென்று விரிந்து ஓடு விரியும். வினிகர் அளவை மீறினால் ஓட்டின் சுண்ணாம்பு கரையும். ஓட்டின் மேல் குமிழி கிளம்புவது அதற்கு அடையாளம், அப்படி ஆனால் சாயம் சொரசொரப்பாகப் பிடித்துத் தேய்த்தவுடன் உதிரும். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் விரல் ரேகை வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதிக நேரம் கொதித்தால் வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து மஞ்சளைச் சுற்றிப் பச்சைச் சாம்பல் வளையம் வரும். அது உடம்புக்குக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இராது.

இன்னொன்று: அன்று இட்ட முட்டையை அவித்தால் ஓடு சதையோடு பிய்ந்து வரும். ஒரு வாரம் பழைய முட்டை சுலபமாக உரியும். அவித்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்து, ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அவிக்கும்போது ஓட்டின் இயற்கைப் பூச்சு போய்விடுவதால், பச்சை முட்டை தாங்கும் காலம் அவித்த முட்டை தாங்காது.

உக்ரைனின் பிசாங்கா இதிலிருந்து வேறு. அது சாப்பிட அல்ல, வைத்துப் பாதுகாக்கவும் பரிசளிக்கவும். பச்சை முட்டையின் மேல் சூடான தேன்மெழுகைச் சிறு புனல் முனையுள்ள எழுதுகோலால் இழுப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் அடுத்த சாயம் ஏறாது. அதனால் வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளை முதலில் மெழுகிட்டு மஞ்சளில் நனைப்பார்கள். மஞ்சளாக நிற்க வேண்டியதை மெழுகிட்டு ஆரஞ்சில். பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு. எப்போதும் வெளிறிய நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு. இறுதியில் முட்டை முழுக்கக் கறுத்த உருண்டையாக இருக்கும். மெழுகுவர்த்திச் சுடரின் பக்கவாட்டில் காட்டி, உருகும் மெழுகைத் துணியால் ஒற்ற ஒற்ற, உள்ளே இருக்கும் கோலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். சுடருக்கு நேர் மேலே பிடித்தால் கரி படிந்து நிறம் கெடும்.

## ரொட்டிக்கு ஏன் இத்தனை வெண்ணெய்

கிரேக்கர்களின் சுரெக்கி, ரஷ்யர்களின் குலிச், போலந்தின் பாப்கா, இத்தாலியில் புறா வடிவில் சுடும் கொலொம்பா. வடிவம் வேறு, மாவு ஏறத்தாழ ஒன்றே: முட்டை, வெண்ணெய், பால், சர்க்கரை தாராளமாகச் சேர்ந்த ஈஸ்ட் மாவு. இதை இங்கே வளமான மாவு என்று அழைப்போம். நோன்பு நாளின் ரொட்டி மாவும் தண்ணீரும் உப்பும் மட்டும். விலக்கி வைத்த ஐந்தில் மூன்று இந்த ஒரே பண்டத்தில் திரும்பி வருகின்றன.

வளமான மாவு சாதா ரொட்டி மாவைப் போல நடந்துகொள்ளாது. முதல் முறை செய்பவர்கள் கைவிடுவது இங்கேதான்.

இரண்டு ரொட்டிக்கு அளவு: 500 கிராம் மைதா, 10 கிராம் உடனடி ஈஸ்ட், 125 மில்லி பால், 3 முட்டை, 100 கிராம் சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு. மணத்துக்கு ஏலக்காயோ ஆரஞ்சுத் தோல் துருவலோ. கிரேக்கர்கள் காட்டுச் செர்ரி விதைத் தூளான மஹ்லெப்பும் மஸ்திகா என்ற பிசினும் சேர்ப்பார்கள்.

சர்க்கரை அதிகமானால் அது ஈஸ்ட்டிடமிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஈஸ்ட் சோர்ந்துவிடும். அதற்கு மருந்து, ஈஸ்ட்டை முதலில் தனியாக எழுப்பி விடுவது. பாலைக் கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு, அதாவது 35 முதல் 38 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஈஸ்ட்டையும் 100 கிராம் மைதாவையும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையையும் கலந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். நுரைத்து இருமடங்காகும். நுரைக்கவில்லை என்றால் ஈஸ்ட் பழையது, அல்லது பால் கொதித்த சூட்டில் செத்துவிட்டது. அங்கேயே நிறுத்திப் புதிதாகத் தொடங்குவதுதான் லாபம். மிச்ச முட்டையும் வெண்ணெயும் வீணாகாது.

பிறகு முட்டை, சர்க்கரை, உப்பு, மீதி மைதா சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். வெண்ணெய் இப்போது வேண்டாம். மைதாவில் ஈரம் பட்டுப் பிசையும்போது குளூட்டன் உருவாகிறது. குளூட்டன் என்பது வாயுவைப் பிடித்து வைக்கும் ரப்பர் போன்ற புரத வலை. வெண்ணெய் முன்னாலேயே போனால் மாவுத் துகளைக் கொழுப்பு சூழ்ந்துகொண்டு வலை கட்ட விடாது. ரொட்டி கேக் மாதிரி உதிரும். வலை கட்டிய பிறகு, இளகிய (உருகாத) வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இன்னும் பத்து நிமிடம். நடுவில் மாவு கையில் அப்பிக்கொண்டு "கெட்டுவிட்டது" என்று தோன்றும். மைதாவைத் தூவாதீர்கள். பிசையப் பிசையத் தானே சேர்ந்து வழவழப்பாகும். அந்த நேரத்தில் தூவிய இரண்டு கைப்பிடி மாவுதான் பல வீடுகளில் ரொட்டி கல்லாவதற்குக் காரணம்.

இருமடங்காக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். மூன்று புரியாகப் பின்னி, தட்டில் வைத்து, இன்னொரு மணி நேரம். கிரேக்கப் பாணியில் பின்னலின் நடுவில் ஒரு சிவப்பு முட்டையை அழுத்தி வைக்கலாம். மேலே அடித்த முட்டை தடவி, 170 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். சர்க்கரையும் முட்டையும் இருப்பதால் மேல்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடும். சிவந்தது என்பதற்காக வெளியே எடுத்தால் நடு வேகாமல் இருக்கும். மேலே அலுமினியத் தாளைப் போர்த்தி உள்ளேயே விடுங்கள். வெப்பமானி இருந்தால் நடுவில் 90 டிகிரி காட்ட வேண்டும்.

குலிச் உயரமான உருளை டப்பாவில் சுடப்படுவது. டப்பாவில் பாதிக்கு மேல் மாவு போடக் கூடாது, வழிந்துவிடும். சுட்டதும் அதன் உயரமே அதற்குப் பகை: உள்ளே இன்னும் மென்மையாக இருப்பதால் நின்றபடி ஆறினால் தன் எடையிலேயே அமுங்கும். அதனால் ரஷ்யப் பாட்டிகள் துணி விரித்த தலையணையில் அதைப் படுக்க வைத்து, குழந்தையைப் போல அவ்வப்போது உருட்டி ஆற வைப்பார்கள்.

குலிச்சுக்குத் துணை, பண்டிகையின் பெயரையே கொண்ட பாஸ்கா என்ற இனிப்பு. தண்ணீர் நன்றாக இறங்கிய பாலாடைக் கட்டியை இரண்டு முறை சல்லடையில் தேய்த்து, வெண்ணெய், க்ரீம், மஞ்சள் கரு, சர்க்கரை சேர்த்து, பிரமிடு வடிவ மர அச்சில் துணி விரித்து அடைத்து, மேலே பாரம் வைத்து ஒரு நாள் குளிரில் விடுவார்கள். கட்டியில் ஈரம் மிஞ்சினால் அச்சைப் பிரித்தவுடன் சரிந்துவிடும்.

## ஆடு

இதில் சிக்கல் குறைவு. யூதப் பாஸ்காவின் மையம் ஓர் ஆட்டுக்குட்டி. கிறிஸ்துவைப் "பாஸ்கா ஆட்டுக்குட்டி" என்று கிறிஸ்தவர்கள் முதலிலிருந்தே அழைத்தார்கள். மத்தியதரைக்கடல் நாடுகளில் குட்டிகள் விருந்துக்குத் தயாராகும் பருவமும் அதுவே. ஆடு கிடைக்காத, கட்டுப்படியாகாத இடங்களில் உருவம் மட்டும் வந்தது: போலந்தில் வெண்ணெயை ஆட்டுக்குட்டியாகச் செதுக்குவார்கள், ஜெர்மனியில் ஆட்டுக்குட்டி அச்சில் கேக் சுடுவார்கள்.

## மூன்று மேசைகள்

கிரேக்கத்தில் விருந்து சனி நள்ளிரவில் தொடங்குகிறது. தேவாலயத்தில் விளக்குகள் அணைந்து, பாதிரியார் கையில் ஒரு சுடர் மட்டும் வரும். அதிலிருந்து எல்லோருடைய மெழுகுவர்த்திக்கும் பரவும். "கிறிஸ்தோஸ் அனெஸ்தி" (கிறிஸ்து உயிர்த்தார்) என்றால் "அலிதோஸ் அனெஸ்தி" (மெய்யாகவே உயிர்த்தார்) என்பது மறுமொழி. சுடரை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், வாசல் நிலையின் மேல்கட்டையில் அதன் புகையால் சிலுவை வரைவார்கள். பிறகு மயிரீத்சா சூப்: மறுநாள் முழுசாகச் சுடப்போகும் ஆட்டின் ஈரல், குடல், கீரை, சோயிக்கீரைத் தழை, முட்டையும் எலுமிச்சையும் அடித்த குழம்பு. சிவப்பு முட்டைகளை மோதி விளையாடுவதும் அப்போதுதான். ஒருவர் கூர்முனை மட்டும் தெரியும்படி முட்டையை முஷ்டிக்குள் பிடிப்பார், மற்றவர் தன் முட்டையால் தட்டுவார். யாருடைய முட்டை கடைசி வரை விரியாமல் நிற்கிறதோ அவருக்கு அந்த வருடம் அதிர்ஷ்டம்.

போலந்தில் புனிதச் சனியன்று ஒரு கூடையில் முட்டை, ரொட்டி, உப்பு, குதிரை முள்ளங்கி, தொத்திறைச்சி, வெண்ணெய் ஆட்டுக்குட்டி வைத்து வெள்ளைத் துணி போர்த்தி ஆசீர்வாதத்துக்கு எடுத்துப் போவார்கள். ஞாயிறு காலை, அந்த முட்டையைத் துண்டு துண்டாக எல்லோருக்கும் கொடுத்த பிறகே மற்ற உணவு. அடுத்து ஜூரெக் என்ற புளித்த கம்பு மாவு சூப். நோன்பு முழுக்க வெறுமையாகக் குடித்த அதே புளிச் சாறு, இன்று தொத்திறைச்சியும் அவித்த முட்டையும் போட்டு வருகிறது. நோன்பு முடியும்போது இந்தச் சாற்றுப் பானையைப் புதைத்து, தின்று அலுத்த ஹெர்ரிங் மீனை மரத்தில் தொங்கவிடும் வழக்கம் முன்பு இருந்தது. ஆறு வாரச் சலிப்பு அதில் அப்படியே தெரிகிறது.

எத்தியோப்பியாவில் நோன்பு 55 நாள், விலங்குப் பொருள் எதுவும் இல்லாமல். இரவு வழிபாடு முடிந்து விடியலுக்கு முன் விரதம் முறிப்பது தோரோ வாட் என்ற கோழிக் குழம்பால்: நிறைய வெங்காயத்தை எண்ணெயின்றி நெடுநேரம் வதக்கி, மிளகாய்ப் பொடிக் கலவையும் மணமூட்டிய நெய்யும் சேர்த்து, மரபுப்படி 12 துண்டாக வெட்டிய கோழியும் முழு அவித்த முட்டைகளும். இறைச்சி, நெய், முட்டை மூன்றும் ஒரே சட்டியில். ஐரோப்பாவோடு சம்பந்தமே இல்லாத சமையல், ஆனால் கணக்கு அதே.

## முயலும் சாக்லேட்டும்

முட்டை கொண்டுவரும் முயலைப் பற்றிய விரிவான பழைய குறிப்பு 1682இல் ஜெர்மன் மருத்துவர் கேயார்க் ஃபிராங்க் எழுதியது. குழந்தைகள் தேடி எடுக்கும்படி முயல் புல்லுக்குள் முட்டை ஒளித்து வைக்கும் என்று சொல்லப்படுவதைக் குறித்துவிட்டு, முட்டையை அளவுக்கு மீறித் தின்றால் வரும் கேடுகளையும் அவர் எச்சரித்தார். ஆக இது பண்டைய வழிபாட்டின் மிச்சம் அல்ல, குழந்தைகளுக்கான விளையாட்டு. சுவிட்சர்லாந்தின் சில பகுதிகளில் குயிலும், ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் நரியும் அதே வேலையைச் செய்தன. பிரான்ஸில் அதைச் செய்வது கோவில் மணிகள்: பெரிய வியாழன் முதல் மணி அடிப்பதில்லை என்பதால் அவை ரோமுக்குப் பறந்துவிட்டன என்றும், திரும்பும்போது இனிப்பு கொண்டுவருகின்றன என்றும் குழந்தைகளிடம் சொல்வார்கள். முயல் மட்டும் உலகம் சுற்றியதற்குக் காரணம், பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது.

உள்ளே வெற்றான சாக்லேட் முட்டை அதைவிடப் புதியது. சாக்லேட்டை வழவழப்பான திரவமாக அச்சில் ஊற்றும் நுட்பம் வந்த பிறகே அது சாத்தியமானது. பிரிட்டனில் ஃப்ரை நிறுவனம் 1873இலும் கேட்பரி 1875இலும் அதைச் செய்தன. அதற்குள் மேற்கு ஐரோப்பாவில் முட்டைக்கும் பாலுக்குமான நோன்பு விலக்கு பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. நோன்பு போய் விருந்து மட்டும் நின்றதால், முட்டை ஏன் இங்கே இருக்கிறது என்பது பார்ப்பவர்களுக்குப் புதிராகிவிட்டது. இஷ்தார் கதை முளைத்தது அந்த வெற்றிடத்தில்தான்.

ஆஸ்திரேலியாவில் ஈஸ்டர் வருவது இலையுதிர்காலத்தில். அங்கே முயல் பயிரையும் நிலத்தையும் அழிக்கும் அயல் விலங்கு. அதனால் சாக்லேட் முயலுக்குப் பக்கத்தில், அழிந்துவரும் உள்ளூர் விலங்கான நீண்ட காது பில்பியின் வடிவிலும் சாக்லேட் விற்கிறார்கள். சில நிறுவனங்கள் அதில் வரும் பணத்தில் ஒரு பங்கைப் பில்பியைக் காப்பாற்றும் வேலைக்குக் கொடுக்கின்றன.